பாதி விதை

நேயர்களுக்கு வணக்கங்க. காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் காடு வைத்துப் பண்ணையம் பார்க்கிறேன். விதைப்பைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். விதைப்பது ஒரு நாள் வேலை. விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று வானத்தையும் மண்ணையும் பார்த்துக்கொண்டு திரிவதுதான் இருபது நாள் வேலை. அதைத்தான் பேசப்போகிறேன்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அப்பாரு அதில் ‘தேடி’ என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்வார். ஆடி மாதம் காலண்டரில் தானாக வந்துவிடும், ஈரத்தைத்தான் தேட வேண்டும் என்பார். எங்கள் பக்கத்து ஆடியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றைத்தான் அனுப்புகிறது. பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல பட்டம். நமக்கு எப்போதாவது சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்தால் உண்டு. அதுவும் மேகாட்டில், அதாவது மேற்புறக் காட்டில் பெய்யும், கீழ்ப்புறத்துக் கீகாட்டில் புழுதி பறக்கும்.

மழையை நாங்கள் மில்லிமீட்டரில் சொல்வதில்லை. ‘ஒரு உழவு மழை’ என்போம். கலப்பை போகிற ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் அது உழவு மழை. மறுநாள் காலையில் காட்டுக்குப் போய், காலால் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, அடியில் ஒரு பிடி அள்ளி உருட்டிக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும். உருண்டையே பிடிபடாவிட்டால் ஈரம் போதாது. விழுந்தும் உடையாமல் கிடந்தால் ஈரம் அதிகம், கலப்பையில் அப்பும். விழுந்து இரண்டு மூன்றாக உடைந்தால் பதம் சரி. எங்களுடையது செம்மண், மேலாக்கச் சரளை. அந்தப் பதம் நாலைந்து நாள் இருந்தாலே அதிகம். அதற்குள் டிராக்டர் கிடைக்க வேண்டும், ஆள் கிடைக்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அதே நாலு நாள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஆடி பதினெட்டுக்கு முன்னாலேயே நல்ல உழவு மழை. நாலு ஏக்கருக்கும் கடலைக்காய், எங்கள் வாயில் கல்லக்காய், ஒரே மூச்சில் போட்டேன். ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு என்றால் இருநூறு கிலோ. எல்லாம் கையால் உடைத்தது. மிஷினில் உடைத்தால் தோல் உரிந்து முளைப்பு குறையும் என்று கூலி கொடுத்து உடைக்க வைத்தேன். ஏழாம் நாள் சால் சாலாக முளைப்பு. அந்தப் பெருமையில் பக்கத்து ஊர்க்காரரையெல்லாம் கூட்டிக்கொண்டுவந்து காட்டினேன்.

அப்புறம் ஆவணி முதல் வாரத்தில் ஒரு மழை பெய்ததோடு சரி, பூத்த நேரத்தில் மழையே இல்லை. கல்லக்காய்ச் செடி முதல் மூன்று வாரம் மழையில்லாத காய்ச்சலைத் தாங்கும். சொல்லப்போனால் வேர் ஆழமாக இறங்க அது நல்லதுகூட. பூத்த பிறகுதான் சங்கடம். பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசிபோல விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். என் காட்டில் மண் ஓடுபோல் இறுகிக் கிடந்தது. விழுதுகள் அந்தரத்தில் தொங்கிக் கருகியதை உட்கார்ந்து பார்த்தேன். பிடுங்கியபோது செடிக்கு இரண்டு காய், மூன்று காய்.

பக்கத்துக் காட்டுப் பெரியம்மா அதே மழைக்குப் பாதிக் காட்டைத்தான் விதைத்திருந்தார். மீதியை ஆவணி முதல் வாரத்தில் பெய்த அந்த மழைக்கு விதைத்தார். முதல் பாதி என்னுடையதைப் போலவே போயிற்று. இரண்டாவது பாதிக்குப் பூக்கும் நேரத்தில் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. பிடுங்கும்போது மழையில் நனைந்து கொஞ்சம் முளைத்துப்போனதையும் சொல்லிவிட வேண்டும். வரப்பில் என்னைப் பார்த்து, “என்ன கண்ணு, மூட்டையை ஒரேடியாக் கவுத்துட்டயாட்ட இருக்குது” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

அந்தக் காலத்துக் காடுகளைப் பாருங்கள். கல்லக்காய்க்கு நடுவே எட்டுச் சாலுக்கு ஒரு சால் துவரை, அங்கங்கே தட்டைப்பயறு, ஓரத்தில் ஆமணக்கு. சோளக்காட்டிலும் பயறு வகை கலந்திருக்கும். ருசிக்காகக் கலந்ததில்லை. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று வீட்டுக்கு வரட்டும் என்றுதான். கல்லக்காய் போன பின்பும் துவரை நின்று ஐப்பசி மழையைக் குடிக்கும். எதுவுமே வாய்க்காத வருடத்துக்குக் கொள்ளு. ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை போதும்.

கொள்ளும் கைவிட்ட வருடம் உண்டு. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. தென்னை மரங்களே தலை சாய்ந்தன, கொள்ளு எந்த மூலைக்கு? பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். கட்டுங்கள், நானும் கட்டுகிறேன். கல்லக்காய்க்கு இந்தப் பருவத்தில் நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்தான். ஆனால் இழப்பைக் கணக்கிடுவது அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்து. மேகாட்டில் பெய்து கீகாட்டில் பெய்யாத கதையெல்லாம் சராசரிக்குத் தெரியாது.

மழைக்கு அடுத்தபடி மயில். விதைத்த மறுநாள் விடிகாலையில் சால் பிடித்தாற்போல வரிசையாக நடந்து, பருப்பைக் கிளறித் தின்றுவிட்டுப் போகும். சட்டப்படி அதைத் தொட முடியாது. சிவன்மலை முருகனுடைய வாகனம் வேறு, திட்டவும் வாய் வருவதில்லை. பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை வைக்கிற அந்தக் கோயில் உத்தரவுப் பெட்டியில் இந்தமுறை என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் எங்கள் ஊரில் பலர் விதை வாங்கவே போவார்கள். நானும் கேட்பேன். கேட்டுவிட்டு, வேலியோரம் கட்டப் பழைய சேலை நாலைந்து எடுத்து வைத்துக்கொள்வேன்.

நேற்று ராத்திரி எங்கள் பக்கம் ஒரு உழவு மழை. காலையில் மண்ணை உருட்டிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன். இரண்டாக உடைந்தது. நாளை விடிகாலை வருவதாக டிராக்டர்காரர் சொல்லியிருக்கிறார். இரண்டு ஏக்கருக்குத்தான் பருப்பு உடைத்திருக்கிறோம். மீதி உடைக்காமல் காயாகவே மூட்டையில் இருக்கிறது. கிளம்பும்போது அம்மா அட்டாலியிலிருந்து, அதுதான் பரணிலிருந்து, எதையோ இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். “ரெண்டு வள்ளம் கொள்ளு, வண்டு உழுந்துருச்சான்னு பாக்கறேன்” என்றார். வள்ளம் என்பது எங்கள் பக்கத்து அளவைப் படி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வர்றேங்க.