எலியின் பாதமும் மஞ்சள் பற்றும்

நேயர்களுக்கு வணக்கம். கால் பிசகினால் மஞ்சளைக் குழைத்துச் சூடாகப் பற்றுப் போடுவோம். இரண்டு நாளில் வீக்கம் வடியும். சரி, பற்றுப் போடாமல் விட்டிருந்தால் வடிந்திருக்காதா? மருந்தியல் பாடம் நடத்திய காலமெல்லாம் என்னை அரித்த கேள்வி இது.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். தூளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான் அது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்ரீமலும் தவனும் அதை விலங்குகளிடம் சோதித்து, வீக்கத்தைக் குறைக்கிறது என்று 1973-ல் எழுதினார்கள்.

எலியின் வீக்கத்தை எப்படி அளப்பது? தளும்பத் தளும்ப நிறைந்த டம்ளரில் விரலை விட்டால் தண்ணீர் வழியும் அல்லவா? அதே சங்கதிதான். கணுக்காலில் மையால் ஒரு கோடு. அந்தக் கோடு வரை பாதத்தை முக்க வேண்டும். எவ்வளவு நீர் இடம் பெயர்கிறதோ, அதுதான் பாதத்தின் பருமன்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனனைப் பாதத்தில் ஊசியாகப் போட்டால் மூன்று, நான்கு மணி நேரத்தில் உப்பிவிடும். ஆனால் அது உடனடி வீக்கம். வருஷக்கணக்காக வலிக்கும் மூட்டுக்கு அது சரியான மாதிரி ஆகாது. அதற்குக் கொன்ற காசநோய்க் கிருமியை எண்ணெயில் கலந்து ஒரு காலில் போடுவார்கள். இரண்டாவது வாரவாக்கில், ஊசியே படாத மறு காலும் வீங்கும்! எலிக்கு அது வேதனை. நெறிக்குழு அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

கோடு என்றேனே, அதற்கு வருகிறேன். ஒரு முறை எங்கள் மாணவர் ஒருவர் அருமையான முடிவோடு வந்தார். மருந்து கொடுத்த எலிகளுக்கு வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. எந்தக் கூண்டுக்கு மருந்து என்பது அளந்தவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், அளந்ததே அவர்தான். கூண்டுகளுக்கு வெறும் எண் ஒட்டி, விவரம் தெரியாத வேறொருவரை அளக்கச் சொன்னோம். வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போயிற்று. பையன் பொய் சொல்லவில்லை, நேயர்களே. மருந்து கொடுத்த எலியின் காலை, கோடு நீரைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்தியிருக்கிறது அவர் கை. அன்றிலிருந்து எந்த ஆய்வைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, அளந்தவர் யார் என்பதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தால் மனிதருக்கு அதை ஆறால் வகுக்க வேண்டும். அப்படியும் 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் குர்குமின், அதாவது 30 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள். சாம்பாரில் நாம் போடுவது ஒரு சிட்டிகை. தின்றாலும் குர்குமின் எளிதில் இரத்தத்தில் சேராது. அப்புறம் மிளகு. 1998-ல் பெங்களூரில், மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளோடு குர்குமினைக் கொடுத்தபோது அது மனிதர்களின் இரத்தத்தில் இருபது மடங்கு வரை கூடியது. ஆனால் அங்கே அளந்தது இரத்தத்தில் சேர்ந்ததை. வீக்கத்தை அல்ல. வணக்கம்.