வாலையில் எஞ்சும் சக்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். துளசி, மரிக்கொழுந்து, எலுமிச்சம்புல் ஆகியவற்றைப் பயிரிட்டு எண்ணெய் வடிக்க முனைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்ட உழவர்கள் இங்கே நிறைந்திருப்பதால், எண்ணெயை விட்டுவிட்டு, அதை எடுத்தபின், நீராவியால் எண்ணெய் வடிக்கும் கலமான வாலையிலிருந்து வாரிக் கொட்டப்படும் சக்கையைப் பற்றியே பேச விழைகிறேன். நூறு கிலோ பச்சைத் தழையில் பெரும்பாலும் ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறுவதில்லை. மிச்சமெல்லாம் எருக்குழிக்கோ அடுப்புக்கோ போகிறது.

நீராவி தன்னோடு ஏந்திச் செல்வது எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களை மட்டுமே. 1958இல் ஸ்கார்பாட்டி, ஓரியென்டே என்னும் இத்தாலிய வேதியியலார் ரோஸ்மேரி என்னும் மணச்செடியிலிருந்து பிரித்தெடுத்த ரோஸ்மரினிக் அமிலம், நம் துளசியிலும் கற்பூரவல்லியிலும் உண்டு. அது ஆவியாகாது, வெந்நீரில் கரையும். ஆகவே எண்ணெய் வடிந்தபின் வாலையின் அடியில் தேங்கும் பழுப்பு நீரிலும், வெந்து துவண்ட இலையிலும் அது தங்கிவிடுகிறது. ரோஸ்மேரியில் உள்ள கார்னோசிக் அமிலமோ கொழுப்பில் கரைவதால் இலையோடு நின்றுவிடுகிறது.

இவ்விரு அமிலங்களும் ஆக்சிஜனேற்றத்தை, அதாவது ஆக்சிஜன் சேர்ந்து பொருள்கள் கெடுவதை, தடுக்கும் ஆற்றல் கொண்டவை. சக்கையில் அந்த ஆற்றல் எஞ்சியிருப்பதைக் கண்ணால் காணலாம். டிபிபிஎச் என்னும் வேதிப்பொருளை மெத்தனாலில் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் வரும். அதில் துளசிச் சக்கையின் வடிநீரைச் சில துளிகள் விட்டால், வடிநீரிலுள்ள ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் ஹைட்ரஜனைக் கொடுக்கக் கொடுக்க, ஊதா மங்கி மஞ்சளாகும். மணமெல்லாம் போய்விட்ட சக்கைக்கு இத்தனை ஆற்றலா என்று வியப்பு எழுவது இயல்பே. ஆனால் சோதனைக்குழாயில் நிகழ்வது உடலிலும் அப்படியே நிகழும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இதை மருந்தென்று விற்பது தவறு.

அதன் உறுதியான பயன் உணவைக் காப்பதில் இருக்கிறது. கடலை எண்ணெயும் அதில் பொரித்த முறுக்கும் நாள்பட்டால் காறல் வாடை அடிப்பது ஆக்சிஜனேற்றத்தால்தான். அதைத் தடுக்க ரோஸ்மேரிச் சாற்றைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இ392 என்ற எண்ணில் இசைவளித்தது.

சக்கைக்குச் சந்தை தேட எண்ணுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஈரச் சக்கை விரைவில் பூசணம் பிடிக்கும். வாலையிலிருந்து இறக்கிய அன்றே நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்தத் தொடங்க வேண்டும். தழையில் பூச்சிமருந்து தங்கியிருந்தால், சாறு செறியும்போது அதுவும் செறியக்கூடும். ஆதலால் சக்கையையும் விற்க நினைப்பவர், நாற்று நட்ட நாள் முதலே தெளிப்பில் கட்டுப்பாடு காக்க வேண்டும்.