ஒட்டு வந்தால் குரல் எங்கே இறங்கும்?

அன்பர்களே, வணக்கம்.

ஜப்பானிய மொழி படிப்பவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் ஹஷி கதையை முதல் மாதத்திலேயே கேட்டிருப்பீர்கள். சாப்பிடும் குச்சியும் ஹஷி, ஆற்றுப் பாலமும் ஹஷி, விளிம்பும் ஹஷி. குரல் ஏறி இறங்குவதை வைத்துத்தான் எது எது என்று பிரித்தறிய வேண்டும். எல்லா ஆசிரியர்களும் இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

(இந்த உரையை எழுத்தில் படிப்பவர்களுக்காக, குரல் இறங்கும் இடத்தில் ↓ என்ற குறியை இட்டிருக்கிறேன். குறி இல்லாவிட்டால் அந்தச் சொல்லில் இறக்கமே இல்லை என்று பொருள்.)

முதலில் அடிப்படை. நான் பேசப்போவது டோக்கியோ பேச்சைப் பற்றி. அங்கே அழுத்திச் சொல்வது, உரக்கச் சொல்வது எதுவும் கணக்கில் இல்லை. சுருதி எங்கே சட்டென்று விழுகிறது என்பது மட்டுமே கேள்வி. அதை மாத்திரை மாத்திரையாக எண்ணுகிறார்கள். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அங்கே 'ன்' கூட ஒரு முழு மாத்திரை. நெடிலின் பின்பாதி தனி மாத்திரை. மூன்று மாத்திரைப் பெயர்ச்சொல் என்றால் இறக்கம் முதலாவதற்குப் பின் வரலாம், இரண்டாவதற்குப் பின் வரலாம், மூன்றாவதற்குப் பின் வரலாம், வராமலே போகலாம். மொத்தம் நான்கு வழி.

மூன்றாவதற்குப் பின் என்றேனே, சொல்தான் அங்கே முடிந்துவிட்டதே, எதில் இறங்குவது? குச்சி ஹ↓ஷி. அதில் சிக்கல் இல்லை. பாலத்தையும் விளிம்பையும் தனியாகச் சொன்னால் இரண்டும் ஒன்று போலவே கேட்கும். பின்னால் எழுவாய் உருபான 'க'வைச் சேர்த்துச் சொல்லுங்கள். பாலம் ஹஷி↓க ஆகும். விளிம்பு ஹஷிக என்று மட்டமாகவே ஓடும். சொல்லுக்குள் ஒளிந்திருந்த இறக்கத்தை உருபு வந்துதான் வெளியே கொண்டுவந்தது. அதனால் பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பாதிப் பயன்தான்.

வேற்றுமை உருபு, விகுதி என்றெல்லாம் நம் இலக்கணச் சொற்களை நான் தாராளமாகப் பயன்படுத்துவேன், வசதியாக இருக்கிறது. அதற்காக ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக்குள் என்னை இழுக்காதீர்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகளை அடுக்கிக்கொண்டே போகும் மொழிகள் உலகில் எத்தனையோ இருக்கின்றன.

சரி, ஒட்டுகளுக்கு வருவோம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைப் போல இவற்றிலும் பல ரகம். சொன்ன இடத்தில் உட்காருபவர் உண்டு. நாற்காலி காலியாக இருந்தால் மட்டும் உட்காருபவர் உண்டு. வந்ததும் வீட்டுச் சாமான்களையே இடம் மாற்றிவைப்பவரும் உண்டு. 'க', 'ஒ', 'நி', 'வ' ஆகிய உருபுகள் முதல் ரகம். சொல் எப்படிப் போகிறதோ அப்படியே பின்தொடரும். 'வரை' என்ற பொருளில் வரும் 'மதெ' இரண்டாம் ரகம். ஸகுர என்ற சொல்லில் இறக்கம் இல்லை, ஆகவே ஸகுரம↓தெ என்று தன் இறக்கத்தைக் காட்டும். உயிர் என்ற பொருளுள்ள இ↓னொசியில் ஏற்கெனவே இறக்கம் இருக்கிறது, ஆகவே இ↓னொசிமதெ என்று அடங்கிப்போகும். 'அளவுக்கு' என்று பொருள் தரும் 'குரய்' அடங்காது. இனொசிகு↓ரய் என்று சொல்லின் இறக்கத்தைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கும்.

'உடைய' என்ற பொருளில் வரும் 'னொ' கொஞ்சம் விசித்திரமானது. பூ ஹன↓, மூக்கு ஹன. 'க' சேர்த்தால் ஹன↓க, ஹனக என்று பிரிந்து நிற்கும். 'னொ' சேர்த்தால் பூவின் இறக்கம் காணாமல் போய், இரண்டும் ஹனனொ ஆகிவிடும். ஓர் உருபு வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது, இன்னொன்று மறைக்கிறது. கடைசி அசையில் இறங்கும் நிஹொ↓ன் என்ற நாட்டுப் பெயரும் இப்படித்தான், நிஹொன்னொ என்று மட்டமாகும்.

பெயரிலிருந்து பெயரை உண்டாக்கும் விகுதிகளில் இந்த அதிகாரம் இன்னும் கூடுதல். ரஷ்யா ரொ↓ஷிய. அந்நாட்டவர் ரொஷிய↓ஜின். அவர்கள் மொழி ரொஷியகொ. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் தொடக்கத்திலேயே விழுகிறது, அடுத்ததில் 'ஜின்'னுக்குச் சற்று முன் விழுகிறது, கடைசியில் விழவே இல்லை. 'ஜின்' தனக்கு முன்னால் இறக்கம் கேட்கிறது. மொழியைக் குறிக்கும் 'கொ' எந்த இறக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே தமிழ் மொழிக்கு அவர்கள் சொல்லும் தமிருகொ மட்டமாகவே போகும். இதில் வேடிக்கை, ஜப்பானியர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல்லே விதிக்கு விலக்கு. அது நிஹொன்ஜி↓ன்.

நகரம், மாகாணம், ரயில் நிலையம் ஆகியவற்றின் விகுதிகள் 'ஜின்' கட்சி. சி↓ப என்ற ஊர் மாகாணமாகும்போது சிப↓கென். ந↓ர என்பது நர↓கென். ரயில் அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டே இதைப் பழகலாம். நிலையத்துக்கு நிலையம் பாடம் கிடைக்கும். டோக்கியோவில் இறக்கமே கிடையாது. ஆனால் பெருநகர நிர்வாகத்தைக் குறிக்கும் 'தொ' சேர்ந்தால், அதற்கு முந்தைய மாத்திரையில் இறக்கம் வர வேண்டும். அந்த மாத்திரையோ நெடிலின் பின்பாதி, அது இறக்கத்தைத் தாங்காது. எனவே ஒரு மாத்திரை முன்னால் போய், 'க்யோ'வின் நடுவிலேயே குரல் விழுகிறது.

ஒரே இடத்தில் இறக்கம் கேட்கும் இரண்டு விகுதிகள்கூடக் குணத்தில் வேறுபடும். ஆளுக்கு மரியாதையாகச் சேர்க்கும் 'ஷி'யை எடுங்கள். யொஷித என்ற மட்டமான பெயருடன் யொஷித↓ஷி என்று வரும். முதல் மாத்திரையிலேயே இறக்கமுள்ள ஸதோ என்ற பெயருடன் சேர்ந்தால் அந்தப் பெயரின் இறக்கத்தை அப்படியே விட்டுவிடும். குடும்பத்தைக் குறிக்கும் 'கெ'யிடம் இந்தத் தயவு கிடையாது. யொஷிதவோ ஸதோவோ, தனக்கு முன்னால்தான் விழ வேண்டும் என்று இரண்டையும் திருத்திவிடும். இந்தக் குணங்கள் விகுதியின் பொருளிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு விகுதியும் தன் குணத்தைத் தன்னுடனே வைத்திருக்கிறது. 1968இல் ஜேம்ஸ் மெக்காலி, 1984இல் வில்லியம் போசர் போன்ற மொழியியலாளர்கள் இவற்றை வகைப்படுத்தப் பாடுபட்டது இதனால்தான்.

இனி வினைச்சொல். நான் அதிக நேரம் நிற்க நினைத்தது இங்கேதான்.

பெயர்ச்சொற்களுக்கு எத்தனையோ வழி என்றேன். வினைகளுக்கு இரண்டே கட்சி, இறக்கம் உள்ளவை, இல்லாதவை. எங்கே என்று தனியாகப் படிக்க வேண்டாம், பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய மாத்திரையில் வரும். கவு என்று மட்டமாகச் சொன்னால் வாங்குவது. க↓வு என்றால் பிராணியை வளர்ப்பது. இறந்தகாலத்தில் கத்த என்றால் வாங்கினேன், க↓த்த என்றால் வளர்த்தேன். எதிர்மறையில் கவனய், கவ↓னய். பூனையைப் பற்றி ஒருவர் பேசும்போது காசு கொடுத்தாரா, சோறு போட்டாரா என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இப்போது மரியாதை விகுதியான 'மஸ்'ஸைச் சேர்ப்போம். வாங்குகிறேன், கைம↓ஸ். வளர்க்கிறேன், கைம↓ஸ். போச்சு! 'மஸ்' எந்த வினையோடு சேர்ந்தாலும் அதன் இறக்கத்தைக் கேட்காமல் தன்னுடையதைத்தான் வைக்கும். 'வருகிறேன்', 'அணிகிறேன்' இரண்டும் கிம↓ஸ். சாதாரண வடிவத்தில் வருவது கு↓ரு, அணிவது கிரு, குழப்பமே இல்லை.

நம் பாடப்புத்தகங்கள் எதிலிருந்து தொடங்குகின்றன? 'மஸ்'ஸிலிருந்து. அந்நிய நாட்டில் முதலில் மரியாதையாகப் பேசப் பழகட்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வினைகளின் இரண்டு கட்சிகளையும் ஒன்றாக்கிவிடும் அதே வடிவத்தைத்தான் மாணவர்கள் மாதக்கணக்கில் உருப்போடுகிறார்கள். ஐந்நூறு வினைகள் தெரிந்த மாணவருக்கு ஒன்றின் கட்சிகூடத் தெரியாமல் இருக்கலாம். அப்புறம் நம் வினையெச்சம் போன்ற 'தெ' வடிவத்துக்கு வந்ததும் தடுமாற்றம். 'வாருங்கள்' என்பது கி↓தெ குதஸை. கி↓தெயில் உள்ள இறக்கத்தை விட்டுவிட்டால் 'அணியுங்கள்' என்று ஆகிவிடும். ஒலிநாடா இருக்கிறதே என்பீர்கள். காதில் விழுவது வேறு, கவனிக்க வேண்டியது இது என்று தெரிந்து கேட்பது வேறு. ஆசிரியர்கள் 'மஸ்' வடிவத்தோடு இறந்தகால வடிவத்தையும் சேர்த்தே சொல்லித்தரலாம் என்பது என் கருத்து. மாணவருக்கு ஒரு சொல்தான் கூடுதல் சுமை.

இவையும் நிலையாக நிற்பவை அல்ல. விருப்பத்தைக் காட்டும் 'தய்' முன்பு வினையின் கட்சியைப் பார்த்து நடந்துகொண்டது. போக விரும்புவது இகிதய் என்று மட்டமாகவும், சாப்பிட விரும்புவது தபெத↓ய் என்றும் இருந்தன. இப்போது இகித↓ய் என்று சொல்பவர்கள் நிறைய. பெயரடைகளிலும் இரண்டு கட்சிகள் கலந்துகொண்டு வருகின்றன. பழைய அகராதியை வைத்து ஓர் இளைஞரைத் திருத்தப் போகாதீர்கள்.

டோக்கியோவை விட்டுத் தெற்கே போனால் ஆட்டமே வேறு. க்யூஷுவின் தென்முனையில் ககொஷிம. அங்கே சொற்களுக்கு இரண்டே வகை. ஒரு வகையில் கடைசிக்கு முந்தைய அசை உயரும், மற்றதில் கடைசி அசை உயரும். எண்ணுவது உருபையும் சேர்த்து, பின்னாலிருந்து! மிட்டாய்க்கு அமெ, மழைக்கும் அமெ. தனியாகச் சொன்னால் மிட்டாயில் 'அ' உயரும், மழையில் 'மெ'. 'க' சேர்த்துவிட்டால் மிட்டாயில் 'மெ' உயரும், மழையில் 'க'வே உயரும். இன்னும் ஒட்ட ஒட்ட உயரம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். டோக்கியோக்காரர் சொல்லுக்குள் ஓர் இடத்தை நினைவில் வைக்கிறார். ககொஷிமக்காரர் நினைவில் வைப்பது எந்த வகை என்பதை மட்டும். அருகிலுள்ள மியகொனொஜொவில் அதுவும் இல்லை, எந்தத் தொடரானாலும் கடைசி உயர்ந்து முடியும். வடக்கே செண்டாய் பக்கம் சொல்லுக்குச் சொல் வேறுபாடே கிடையாது. அங்கே உள்ளவர்களும் ஒருவரையொருவர் நன்றாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

அப்படியானால் இதையெல்லாம் எதற்குப் படிப்பது என்று முன்வரிசையில் ஒருவர் முகத்திலேயே கேட்கிறார். நியாயமான கேள்வி. 1990இல் ஷிபதா தகேஷியும் அவரோடு ஆய்வு செய்தவரும் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே ஒலிகளைக் கொண்ட ஜப்பானியச் சொற்களில் ஏற்ற இறக்கம் பிரித்துக்காட்டுவது சுமார் 14 சதவீதம். சீன மொழியில் இது சுமார் 71 சதவீதம். பொருள் குழம்பி வேலை கெட்டுப்போவது அபூர்வம்தான். ஆனால் கேட்பவர் எந்த இடத்தில் தொடர் ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்பதை இந்த இறக்கங்களை வைத்துத்தான் தொடர்ந்து வருகிறார். அவை இடம் மாறினால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு.

கருவிகள் இருக்கின்றன. ஜப்பானியச் சொற்களுக்கு ஏற்ற இறக்கம் குறித்த அகராதி 1890களிலேயே வந்துவிட்டது. யமதா பிம்யோ தொகுத்தது. என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் அகராதி முதலில் வந்தது 1943இல், அண்மைப் பதிப்பு 2016இல். அதில் சொற்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உருபுகளும் துணைவினைகளும் சேரும்போது என்ன ஆகும் என்ற அட்டவணைகள் பின்னால் இருக்கின்றன. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஓஜாட் என்ற இணைய அகராதி இலவசம். ஒரு வினையை இட்டால் 'மஸ்', 'தெ', 'த', 'னய்' என்று எல்லா வடிவங்களையும் ஒரே வரிசையில் கோடு போட்டுக் காட்டும், ஒலியும் கேட்கலாம். வாங்குவதையும் வளர்ப்பதையும் அடுத்தடுத்து இட்டு, முதலில் 'மஸ்' வடிவத்தையும் பிறகு மற்றவற்றையும் கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.