குளிர்பெட்டி விற்ற நடிகை

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வசதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பிகளே தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நேரலைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்து நடிகை ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். கிரேஸ் கெல்லியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். சினிமாவில் கொடிகட்டிப் பறப்பதற்கு முன்னால் நியூயார்க்கில் நேரலை நாடகங்களில் மாய்ந்து மாய்ந்து நடித்தவர் அவர். ஈவா மேரி செயின்ட்டும் அந்தப் பட்டறையில் தேறியவர்தான். ஆனால் நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு ஆள். நடிப்பால் பெயர் வாங்காமல், ஃப்ரிட்ஜ் விற்றே அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கியவர். பெயர் பெட்டி ஃபர்னஸ். சிரிக்காதீர்கள். அவர் அப்பா அம்மா வைத்த பெயர் எலிசபெத், செல்லமாகப் பெட்டி. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு குளிர்சாதனப் பெட்டி விற்ற பெண்ணுக்குப் பெட்டி என்று பெயர் அமைந்தால் நான் என்ன செய்ய?

1916 ஜனவரி 3, நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளிக்கூட வயதிலேயே மாடலிங். 1932-இல் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. சினிமா ஸ்டுடியோவில் ஒப்பந்தம். அடுத்த ஐந்தாறு வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றை இன்றைக்கு யாரும் தேடிப் பார்ப்பதில்லை. 1936-இல் வந்த 'ஸ்விங் டைம்' மட்டும் நிற்கிறது. அது ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் ஆடுகிற படம். அதில் ஃபர்னஸ் யார் தெரியுமா? மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து சேராததால் கல்யாணம் நின்றுபோகிற மணப்பெண். கதாநாயகன் கடைசிவரை கட்டிக்கொள்ளாத பெண். ஹாலிவுட் அவரை அந்த இடத்தில்தான் வைத்திருந்தது. முப்பதுகள் முடிவதற்குள் படங்களும் நின்றுபோயின.

இப்படியே 1949 வந்துவிட்டது. வயது முப்பத்து மூன்று. கையில் பெரிய வேலை இல்லை. அப்போது சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் 'ஸ்டுடியோ ஒன்' என்று திங்கள்கிழமை இரவு பத்து மணிக்கு வாராவாரம் ஒரு மணி நேர நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் மாடியில் ஸ்டுடியோ. கீழே ஜனங்கள் வண்டி பிடிக்க ஓடுவார்கள், மேலே நடிகர்கள் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு ஓடுவார்கள்.

'ஓடுவார்கள்' என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு காட்சி முடிந்து கேமரா வேறொரு முகத்தைக் காட்டுகிற சில நொடிகளில் சட்டை மாற்றி, கேபிளைத் தாண்டி, அடுத்த செட்டின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, காலையிலிருந்து அங்கேயே இருப்பவர்போல் காப்பி குடிக்கவேண்டும். மூச்சு வாங்கக்கூடாது. நம் மேடை நாடகத்திலாவது சைடில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவர் இருப்பார், கொஞ்சம் உரக்கச் சொன்னாலும் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். இங்கே மைக் தலைக்கு மேலே தொங்குகிறது. இருமினாலும் நாட்டுக்கே கேட்கும். வீடியோ டேப் என்ற ஒன்று 1956-இல்தான் நிலையங்களுக்கு வந்தது. அதற்கு முன்னால் பதிவு வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் திரைக்கு எதிரே ஒரு சினிமா கேமராவை வைத்துப் படம் பிடிப்பதுதான் வழி. கினெஸ்கோப் என்று பெயர். மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். '12 ஆங்கிரி மென்' சினிமாவாக வருவதற்கு முன், 1954 செப்டம்பரில் இதே 'ஸ்டுடியோ ஒன்'னில்தான் முதலில் நாடகமாக ஒளிபரப்பானது. அதன் முழுப் பதிவு தொலைந்தே போய், 2003-இல்தான் கிடைத்தது. அவ்வளவு பெயர்பெற்ற நாடகத்துக்கே அந்தக் கதி.

நாடகத்துக்குக் காசு கொடுத்தது வீட்டு மின்சாதனங்கள் செய்யும் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி. விளம்பரமும் நேரலைதான். நாடகத்தின் நடுவில் விளக்கு இந்தப் பக்கம் திரும்பும். ஒருவர் வந்து ஃப்ரிட்ஜ், அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் பற்றிச் சொல்வார். பிறகு விளக்கு மறுபடி அந்தப் பக்கம். ஃபர்னஸ் அந்தத் தொடரில் நடிக்கத்தான் போனார். விளம்பரம் செய்ய வந்தவர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "நான் செய்து பார்க்கட்டுமா?" என்று முன்வந்தார். கம்பெனிக்குப் பிடித்துப்போனது. வாரம் 150 டாலர் சம்பளத்தில் ஆரம்பித்த வேலை பதினோரு வருடம் நீண்டது.

அவர் செய்ததில் அப்படி என்ன விசேஷம்? பழைய துண்டுப் படங்களைப் பார்த்தால் தெரியும். சமையற்கட்டு ஏப்ரன் கட்டிக்கொண்டு வரமாட்டார். நல்ல உடுப்பு, முத்துக் காதணி, விருந்துக்குக் கிளம்பிய பெண் போகிறபோக்கில் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதுபோல வருவார். பேசுவதை மனப்பாடம் செய்துவிடுவார். கண் எங்கேயும் அலையாது. கை தானாகப் போய் முட்டை வைக்கும் தட்டை இழுக்கும், ஐஸ் தட்டைக் காட்டும், காய்கறி அறையைத் தள்ளி மூடும். பேச்சு முடிகிற அசையும் கதவு சாத்துகிற சத்தமும் ஒன்றாக வந்து விழும். கடைசியில் அந்த வாசகம்: வெஸ்டிங்ஹவுஸ் என்றால் நிச்சயமாக நம்பலாம். என்னைக் கேட்டால், முப்பது படத்தில் கிடைக்காத கதாநாயகி வேடம் அவருக்கு அந்தச் சில நிமிடத்தில்தான் கிடைத்தது. எதிரே ஜோடி ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான்.

1952 ஜூலையில் சிகாகோவில் இரண்டு கட்சிகளின் மாநாடுகள் நடந்தன. ஐசன்ஹோவரையும் ஸ்டீவன்சனையும் அதிபர் வேட்பாளர்களாகத் தேர்ந்தெடுத்த மாநாடுகள். சி.பி.எஸ். ஒளிபரப்புக்கு வெஸ்டிங்ஹவுஸ் பணம். மாநாடு எப்போது இடைவெளி விடும், எப்போது சண்டை வரும், யாருக்கும் தெரியாது. அதனால் ஃபர்னஸ் எந்நேரமும் தயாராக இருக்கவேண்டும். பகலும் இரவுமாக, உடை மாற்றி உடை மாற்றி வந்துகொண்டே இருந்தார். வேட்பாளர்களைவிட இந்த அம்மா முகம்தான் அதிக நேரம் தெரிந்தது என்று அப்போதே கேலி பேசினார்கள். தொலைக்காட்சிப் பெட்டி பலர் வீட்டுக்குள் நுழைந்த புதிது. மாநாடு பார்க்க உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் ஃபர்னஸ் பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிட்டார்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த நடிகையையே எடுத்தேன்.

1954. வெஸ்டிங்ஹவுஸ் விளம்பரம், நேரலை. பொத்தானைத் தொட்டால் தானே திறக்கும் கதவுள்ள புது ஃப்ரிட்ஜ். கை நிறையப் பாத்திரம் வைத்திருந்தாலும் கவலை இல்லை என்பதுதான் சரக்கு. அந்தப் பெண் புன்னகையோடு பொத்தானை அழுத்துகிறார். கதவு அசையவில்லை. பேச்சை நிறுத்தாமல் இன்னொரு முறை அழுத்துகிறார். இல்லை. பிடித்து இழுத்துப் பார்க்கிறார். அதற்கும் மசியவில்லை. வாய் மட்டும் கதவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேமராக்காரர் கெட்டிக்காரர், மெல்ல முன்னேறி அவர் முகத்தை மட்டும் திரை முழுக்க நிரப்பிவிடுகிறார். கேமரா கண்ணில் படாத இடத்தில் ஆட்கள் கதவோடு மல்லுக்கட்டுகிறார்கள். ப்ளக் சரியாக மாட்டவில்லை என்பார்கள். முகம் புன்னகைக்கிறது, உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று நேரலையில் ஒருமுறையாவது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. பெட்டி ஃபர்னஸால் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியவில்லையாம்!

அவர் அங்கே இல்லவே இல்லை. அன்றைக்கு அவருக்குப் பதிலாக வந்தவர் ஜூன் கிரஹாம் என்ற இன்னொரு நடிகை. ஆனால் ஃப்ரிட்ஜ் என்றாலே ஃபர்னஸ் என்று ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டதே. நானே என் கண்ணால் பார்த்தேன், ஃபர்னஸ்தான் இழுத்தார் என்று பிற்பாடு அடித்துச் சொன்னவர்கள் உண்டு. அவரும் வருடக்கணக்காக மறுத்துப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம். முருகன் வருகிற நேரத்தில் திரை பாதியில் மாட்டிக்கொண்டது. அன்றைக்குத் திரை இழுத்தது வழக்கமான ஆள் இல்லை, அவருடைய மைத்துனர். முப்பது வருடமாயிற்று. இன்றைக்கும் டீக்கடையில் அந்த வழக்கமான ஆளைத்தான் கிண்டல் செய்கிறார்கள். பாவம், அவர் பதில் சொல்வதையே விட்டுவிட்டார்.

ஜூன் கிரஹாமின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். திறக்காத கதவுக்குப் பக்கத்தில் நின்று நிறுத்தாமல் பேசினாரே, அந்தத் திறமையும் அவருக்குச் சேரவேண்டியது. பழி ஃபர்னஸுக்குப் போனதில் கிரஹாமின் சாமர்த்தியமும் சேர்ந்து போய்விட்டது.

1960-இல் ஃபர்னஸின் வெஸ்டிங்ஹவுஸ் வேலை முடிந்தது. செய்திப் பிரிவில் சேர முயன்றார். ஃப்ரிட்ஜ் அம்மாவுக்குச் செய்தி எதற்கு என்று கதவு சாத்தினார்கள். வானொலியில் காலம் தள்ளினார். 1967-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் அவரைக் கூப்பிட்டு நுகர்வோர் விவகாரத்துக்குத் தம் சிறப்பு உதவியாளராக நியமித்தார். சாமான் விற்றவளை வாங்குகிறவர் பக்கம் உட்கார வைப்பதா என்று பலர் நக்கலடித்தார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அவர் பாடம் படிக்கிற நடிகை. விளம்பரத்தை மனப்பாடம் செய்ததுபோலவே சட்டங்களையும் படித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடன் கொடுப்பவர் ஆண்டு வட்டி எவ்வளவு என்று எழுதிக் காட்டியே ஆகவேண்டும் என்ற சட்டம் 1968-இல் நிறைவேறியது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். தவணைக்குச் சாமான் வாங்கி வட்டிக் கணக்கு புரியாமல் விழித்த எல்லோருக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

1974-இல் மறுபடி தொலைக்காட்சிக்கே வந்தார், இந்த முறை என்.பி.சி.யின் நியூயார்க் நிலையத்தில், நுகர்வோர் செய்தியாளராக. மோசமான பொம்மை, ஏமாற்றுக் கடை, ஓடாத இயந்திரம், எல்லாவற்றையும் கேமரா முன்னால் வைத்துக் கேள்வி கேட்டார். எழுபத்தாறு வயதுவரை அந்த வேலை. 1994 ஏப்ரல் 2-இல் காலமானார்.

பேச்சு நீண்டுவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இனி விளக்கை அணைத்துவிட்டு ஒரு பழைய துண்டுப் படம் போடுவார்கள். கினெஸ்கோப் பதிவு, சாம்பலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் வருவது பெட்டி ஃபர்னஸேதான், விசாரித்துவிட்டேன். கதவு திறக்கும். தைரியமாகப் பாருங்கள்.