கல்லுடைக்கும் ஊரின் வயதைப் பாறையிலேயே படிக்கலாம்

[காட்சி: பர்கூர் பக்கம் ஒரு சமப்பாறை. ஓரத்தில் ஓட்டு வீடுகள்.]

கிருஷ்ணகிரி, பர்கூர், சூளகிரி வட்டாரத்தில் கல்குவாரியை ஒட்டிய சிற்றூர்கள் நிறைய. அங்கே முதலில் குடியேறியவர்கள் யார் என்று பத்திரங்களில் தேடினால் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் (இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தின் பழைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அதன் அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வரிக்காக அளந்தது விளைநிலத்தை. பாறை புறம்போக்காகவே கிடந்தது. கல்லுடைத்தவர்களின் தடயம் வேண்டுமென்றால் பாறை மீது ஏறித்தான் ஆக வேண்டும்.

இந்த மண்ணில் ஆள் நடமாட்டம் மிகப் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புக் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். அதே மாவட்டத்து மல்லச்சந்திரத்தில், இறந்தவர்களுக்காகக் கல்லால் எழுப்பிய கற்திட்டைகளில் ஆளுயரப் பலகைக் கற்கள் நிற்கின்றன.

[காட்சி: பாறை மேல் வரிசையாக எரியும் விறகு.]

வெடி இல்லாத காலத்தில் பலகைக்கல் எடுத்த வழி தீ. பாறை மேல் குறுகிய வரிசையாக விறகை எரிப்பார்கள். மேல்தோல் சூடேறி விரிய, அடிப்பகுதி குளிர்ந்தே இருப்பதால் இரண்டுக்கும் நடுவே மேற்பரப்புக்கு இணையாக விரிசல் ஓடும். சம்மட்டியால் தட்டிக் கேட்பார்கள். ஒட்டியிருக்கும் பாறை கணீரென்று ஒலிக்கும், விட்ட பாறை பொத்தென்று சொல்லும். விட்டதும் தீயை முன்னே நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நின்று எரிந்தால் பலகை கிளம்பாது, செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

1890-களில் பெங்களூரு பக்கம் பதிவான ஒரு கணக்கு: 8 மணி நேர எரிப்பு, சுமார் 760 கிலோ விறகு. பெயர்ந்து வந்தது 740 சதுர அடி, சராசரி 5 அங்குலக் கனம். 1 கிலோ விறகுக்கு 30 கிலோ கல்! காடும் சமப்பாறையும் அருகருகே இருந்த இடத்தில் கல்தச்சர்கள் தங்கியதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

[காட்சி: பாறை விளிம்பில் வரிசையான குழிகள், நெருக்கத்தில்.]

அடுத்த தடயம் ஆப்புக் குழி. உளியால் 4 முதல் 6 அங்குல இடைவெளியில் ஒரே நேர்கோட்டில் குழி வெட்டி, இரும்பு ஆப்புகளை இறக்கி, வரிசையாக மாறி மாறி அடிப்பார்கள். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தாலோ, கல்லின் ஓட்டத்துக்கு (அது இயல்பாகப் பிளக்கும் திசைக்கு) குறுக்கே கோடு போட்டாலோ பிளவு கோணிப் போகும். கோணிய பிளவோடு கைவிட்ட கற்கள் இன்னும் அங்கேயே கிடக்கும், தேடிப் பாருங்கள். ஆனால் குழியை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது. வேலிக்கால் உடைக்க இன்றும் ஆப்புதான். குழிக்குள் நிறத்தைக் கவனியுங்கள்: புதுக் குழி வெளிர் சாம்பல், பழையது கறுத்துப் பாசி ஏறியிருக்கும்.

சுமார் 32 மி.மீ. அகலத்தில் பாதிக் குழாய் போல நீளும் தடம் ஜாக்ஹாமர் என்ற துளையிடும் இயந்திரம் போட்ட துளை. சுவர் போல வழுவழுப்பாக வெட்டிய முகம் டயமண்ட் ஒயரின், அதாவது வைரம் பதித்த அறுப்புக் கம்பியின், வேலை. 1978-ல் டாமின் என்ற தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம் இயங்கத் தொடங்கியது. பல வண்ணக் கிரானைட்டுக்குக் கிராக்கி கூடியதும் வேலிக்கல் எடுத்த பாறைகளிலும் இயந்திரம் ஏறியது.

[காட்சி: ஊருக்குள், கல் தூண் வைத்த திண்ணை.]

கல்வேலையும் மண்வேலையும் பரம்பரைத் தொழிலான போயர் குடும்பங்கள் இங்கே பல ஊர்களில் இருக்கின்றன. வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் பலர். குளம், ரோடு, ரயில் என்று வேலை இருந்த பக்கம் நகர்ந்தவர்கள். 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சிறு ரயில் வந்தது. இருப்புப்பாதை என்றால் ஜல்லி வேண்டும், பாலத்துக்குக் கட்டைக்கல் வேண்டும்.

தற்காலிகக் குடிசை நிரந்தர ஊரானதற்கு நல்ல அடையாளம் கொல்லுப்பட்டறை. உளிமுனை மழுங்கிக்கொண்டே இருக்கும், காய்ச்சி அடித்துக் கூராக்க உலை பக்கத்திலேயே வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் "பழைய உலை எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அந்த இடத்தில் கரித்துண்டும் இரும்புக் கசடும் மண்ணோடு கலந்து கிடக்கும். அங்கிருந்து மிகப் பழைய, கறுத்த பாறை முகம் வரை நடந்து, ஒவ்வொரு தடத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அடுத்த வெடிக்கு முன் எடுத்துவிட வேண்டும், பழைய விளிம்புகள்தான் முதலில் போகின்றன.