பொன்னாடைக்கு எத்தனை கிலோ பருப்பு?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பாயை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். தொண்டு நிறுவனம் தழைக்கத் தேவை நல்ல மனமா, நல்ல சம்பளமா? நாங்கள் சம்பளக் கட்சி.

எதிரணித் தம்பி கேட்டார்: "சம்பளம் பார்க்கிறவர்கள் வங்கி வேலைக்குப் போகட்டும், முதியோர் இல்லத்துக்கு ஏன் வருகிறார்கள்?" நீங்களும் கைதட்டினீர்கள். இருக்கட்டும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் முதியோர் இல்லத்தில் ஆயா. ஆண்டு விழாவில் சம்பளம் கூட்டுவார்கள் என்று நம்பிப் போனார். பொன்னாடை போர்த்தி, "இவர் தாய்க்குச் சமம்" என்றார்கள். மறுவருடம் இன்னொரு பொன்னாடை, "தாய்க்கும் மேல்." மூன்றாம் வருடம் "தெய்வம்"! பதவி உயர்வைப் பாருங்கள். சம்பளம் மட்டும் தாயாக இருந்தபோது வாங்கிய அதே சம்பளம்.

அக்கா மூன்றையும் மடித்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார். "அண்ணாச்சி, ஒரு பொன்னாடைக்கு எத்தனை கிலோ துவரம்பருப்பு?" அண்ணாச்சி விரித்துப் பார்க்கிறார். வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஜரிகையை நகத்தால் சுரண்டுகிறார். "ஏற்கெனவே ரெண்டு பேர் கொண்டுவந்துட்டாங்கம்மா, தராசு துடைக்க அதுவே போதும்." நடுவர் அவர்களே, இன்று உங்களுக்கும் ஒன்று போர்த்தினார்களே, அண்ணாச்சி கடையில் இடமில்லை, சொல்லிவிட்டேன்.

தம்பி, எல்லாரும் வங்கிக்குப் போய்விட்டால், ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியவரின் நனைந்த போர்வையை மாற்ற மேலாளரா வருவார்? நீங்கள் இங்கே செய்வதும் தமிழ்த் தொண்டுதானே? விழாக் குழு கொடுத்த கவரைத் திருப்பிக் கொடுங்கள், இப்போதே உங்கள் அணிக்கு வருகிறேன். பையைத் தொட்டுப் பார்க்கிறார் பாருங்கள்!

அரசு நடத்தும் அங்கன்வாடியையும் பாருங்கள், 1975-இல் வந்தது. 2018-இல் மத்திய அரசு பணியாளரின் மாதத் தொகையை 3,000-லிருந்து 4,500 ரூபாய் ஆக்கியது. பெயர் மதிப்பூதியம், மதிப்பெல்லாம் பெயரில்தான். அது சம்பளமே இல்லை, வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை கிடையாது என்று குஜராத்தில் மறுத்தார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அதுவும் ஊதியம்தான், பணிக்கொடை கொடு.

அப்புறம் அந்த அக்கா. ஒரு பாட்டி இறப்பதற்கு முதல் நாள் இவர் கையைப் பிடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, "உன் மகளுக்கு பீஸ் கட்டலைன்னு போன்ல அழுதியே, வச்சுக்கோ" என்று இருநூறு ரூபாயைக் கொடுத்திருக்கிறார். காது கேட்காது என்று எல்லாரும் நினைத்த பாட்டி!

அக்கா அந்த நோட்டைச் செலவழிக்கவில்லை. விற்காத பொன்னாடை ஒன்றுக்குள் மடித்து வைத்திருக்கிறார். மகளின் பீஸ் இன்னும் பாக்கி.