பூனை பார்க்கப் போனவள் பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி ஒன்பதே கால் ஆகிவிட்டது. பின் வரிசையில் இரண்டு பேர் காலால் செருப்பைத் துழாவத் தொடங்கிவிட்டார்கள். அதனால் வணக்கம் இத்தோடு போதும்.

"புத்தகக் கடையை வாழவைப்பவர் வாசகரா, வேடிக்கை பார்க்க வருபவரா?" இதுதான் தலைப்பு. வேடிக்கை பார்ப்பவரே என்பது எங்கள் அணி. நான் கேட்டு வாங்கிய அணி இல்லை. வாசகர் அணியில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். சரி, கிடைத்த பந்தியில் உட்காருவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "அக்கா வெனிஸ் வரைக்கும் போனார். உலகமே பேசுகிற புத்தகக் கடைக்குள்ளும் போனார். என்னக்கா பார்த்தீர்கள் என்றால், பூனை பார்த்தேன் என்கிறார். நம் தெருவில் பூனை இல்லையா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரரும் கைதட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

ஆமாம் தம்பி, பூனைதான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று சொல்லட்டுமா?

பத்து நாளில் ஏழு நாடு காட்டுகிற சுற்றுலா. அதில் வெனிஸுக்கு நான்கு மணி நேரம். அந்த ஊர் நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகளைப் பாலம் போட்டுத் தைத்த ஊர். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. சந்துக்குள் நுழைந்தால் பாலம் வரும், இல்லாவிட்டால் தண்ணீர் வரும். வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். என் வீட்டுக்காரர், "எனக்கு வழி தெரியும், வா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இதே வசனம். ஐந்தாவது நிமிடம் கொடியைக் காணோம்.

கால் வலிக்க நடந்து, சாந்தா மரியா ஃபோர்மோசா என்ற தேவாலயம் பக்கம் ஒரு நீளச் சந்தில் வந்து நின்றோம். அங்கே ஒரு பலகை. "உலகிலேயே அழகான புத்தகக் கடைக்கு வாருங்கள்" என்று கடைக்காரரே எழுதி வைத்திருக்கிறார்! தன்னைத் தானே புகழ்வதில் நம் அல்வாக் கடைக்காரரைத் தோற்கடித்துவிட்டார். கடையின் பெயர் லிப்ரேரியா ஆக்வா ஆல்டா. ஆக்வா ஆல்டா என்றால் ஏறிவரும் வெள்ளம். கடைக்குப் புயல், சுனாமி என்று யாராவது பெயர் வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனால் நட்டநடுவே ஒரு முழுக் கோண்டோலாப் படகு. படகு நிறையப் புத்தகம். ஓரத்தில் குளியல் தொட்டிகள். அதிலும் புத்தகம். என் வீட்டுக்காரர் என் காதருகே வந்து, "பாவம், இடமில்லாம பாத்ரூம்லயே கடை போட்டிருக்காங்க" என்றார். தீப்பிடித்தால் தப்பிக்கும் வழி என்று எழுதிய வாசலில் எட்டிப் பார்த்தேன். நேரே கால்வாய். தீக்குத் தப்பியவன் நீச்சல் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் சிரோக்கோ காற்று ஏட்ரியாட்டிக் கடலைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஊருக்குள் தண்ணீர் ஏறும். சைரன் அடிக்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பது நனையும். தொட்டியிலும் படகிலும் இருப்பது பிழைக்கும். தொட்டியைத் தண்ணீர் பிடிக்கத்தான் நாம் வாங்குகிறோம். அந்த மனிதர் தண்ணீர் புகாமல் இருக்க வாங்கியிருக்கிறார்.

இப்போது பூனைக்கு வருகிறேன். ஒரு புத்தகக் குவியல் மேல் பூனை ஒன்று படுத்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு புத்தகத்தின் முனை, நல்ல தக்காளிச் சிவப்பு. எனக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. மெல்ல இழுத்தேன். பூனை ஒரு கண்ணைத் திறந்தது, அரசு அலுவலகத்தில் மதியம் மூன்று மணிக்குப் போய் நின்றால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. விட்டுவிட்டேன். இரண்டாம் முறை, "செல்லம், கொஞ்சம் நகரு" என்றேன். அதற்குத் தமிழ் தெரியாது என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். மூன்றாம் முறை இழுத்தேன். பூனை எழுந்தது, உடம்பை நெளித்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, அதே புத்தகத்தின் மேல் இன்னும் வசதியாகப் படுத்துக்கொண்டது!

திரும்பினால் என்னைச் சுற்றிக் கூட்டம். ஜப்பான்காரர், பிரேசில்காரர், யார் யாரோ. எல்லோர் கையிலும் செல்போன். என் வீட்டுக்காரர் வங்கியில் இருந்தவர், எண்ணாமல் அவருக்கு இருக்க முடியாது. பதினொரு பேர் படம் எடுத்தார்களாம். அதில் நான்கு பேர் புத்தகத்தோடு கல்லாவுக்குப் போனார்களாம். தம்பி, அந்த நான்கு பில் யாரால் விழுந்தது? பூனையாலா, பூனையிடம் தோற்ற என்னாலா?

கடைசியில் கடைப் பெண் வந்து பூனையை அலாக்காகத் தூக்கிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். இத்தாலிய மொழியில் சமையல் புத்தகம். எனக்கு ஓர் எழுத்து புரியாது. இருந்தாலும் வாங்கினேன். வாங்கிய அந்த நிமிடம் நான் வாசகியா, வேடிக்கை பார்ப்பவளா? நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதிரணித் தலைவர் ஆல்டஸ் மனூட்டியஸை இழுத்தார். வெனிஸில் 1501-இல் கைக்கடக்கமான புத்தகம் அச்சிட்டு வாசகர்களை உருவாக்கிய மகான் என்றார். மகான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மகான் தன் அச்சுக்கூட வாசலில் என்ன எழுதி மாட்டினார் என்பதை ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். வந்தவர் யாராயினும் வந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உடனே இடத்தைக் காலி செய்யவும், இதுதான் அதன் சாரம். ஏன் எழுதினார்? வேலை செய்ய விடாத அளவுக்கு வேடிக்கை பார்க்கும் கூட்டம்! ஐந்நூறு ஆண்டுகளாக எங்கள் அணி அங்கே வரிசையில் நிற்கிறது ஐயா.

உள்ளூர் வாசகரே போதும் என்கிறீர்களே, உள்ளூரில் ஆள் எங்கே? 1951-இல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர். 2022-இல் 50,000-க்கும் கீழே போய்விட்டது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக் கண்ணாடியில் மீதி இருப்பவர்களின் எண்ணிக்கையை மின்பலகையில் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதைத் தங்க விலை என்று நினைத்து, "இறங்கியிருக்கு" என்றார். இறங்கித்தான் இருந்தது. வீடெல்லாம் விடுதியாக மாறியதற்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் காரணம் என்று தம்பி எழுந்து சொல்வதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

2019 நவம்பர் 12 இரவு. தண்ணீர் 187 செ.மீ. ஏறியது. அளவுக் குறியிலிருந்து சொல்லும் கணக்கு அது, தெருவில் அவ்வளவு நிற்காது. ஆனாலும் 1966-இல் வந்த 194-க்கு அடுத்து அதுதான் பெரியது. அன்றைக்குத் தொட்டியும் காப்பாற்றவில்லை. புத்தகங்கள் ஏராளமாக நனைந்து உப்பிப் போயின. அடுத்த ஆண்டு அக்டோபரில் கடல் வாயிலில் மோசே தடுப்புக் கதவுகளை முதல்முறையாகத் தூக்கினார்கள். நனைந்தது நனைந்ததுதான்.

அந்தக் கடையின் பின்முற்றத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. பாழான பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கியே கட்டிய படி. ஏறினால் சுவருக்கு அந்தப்பக்கம் கால்வாய் தெரியும். எல்லோரும் ஷூ காலோடு ஏறினார்கள். என் வீட்டுக்காரரும் ஏறிவிட்டார். என்னால் முடியவில்லை.

நடுவர் அவர்களே, என் அப்பா சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிக் குடியிருந்தவர். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அவருடைய புத்தக அலமாரியை முழுக்க எடுத்துக்கொண்டது. வெயில் வந்ததும் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தார். ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன. பழைய பேப்பர்க்காரர்கூட வேண்டாம் என்றுவிட்டார். "தூக்கிப் போட்டுடலாம்பா" என்றேன். "இருக்கட்டும்மா" என்றார். அவர் போனபிறகு நான்தான் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன்.

சின்ன வயதில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னவர் அவர். அந்தப் படிக்கட்டில் அவருடையதைப் போலவே உப்பிய தொகுதிகள். அவற்றுக்கு அங்கே ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

செருப்பைக் கழற்றினேன். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலே தன் ஷூவைக் கழற்றினான்.

மணி அடித்துவிட்டீர்கள். தலைப்பை நடுவர் பார்த்துக்கொள்ளட்டும். வணக்கம்.